சாயம் போகாத காலர்

“உலகத்துல ஒருத்தியாவது எனக்கு உண்மையான இடுப்பக் குடுத்திருக்காளா? டேப்பக் கையில எடுத்தாப் போதும், வயித்த உள்ள இழுத்துக்கிட்டு சிலை மாதிரி நிக்கறாளுங்க. நாளைக்கு மூச்சு விடும்போது கொக்கி தெறிச்சா, டெய்லரம்மாவுக்குத் தைக்கத் தெரியலம்பாளுங்க. மூச்ச விடுடி. விட்டுட்டியா? இல்ல, இன்னும் கொஞ்சம் பாக்கி வச்சிருக்க. அதையும் விடு.”

என் அப்பாவின் தங்கை இந்தப் புலம்பலை ஒரு நாளைக்கு முப்பது முறையாவது சொல்வாள். பள்ளி திறக்கும் மாதத்தில் கணக்கே கிடையாது. வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு சொல்வதால் “மூச்ச விடுடி” என்பது “ழூச்ச ழிடுழி” என்று வரும். அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்ட எனக்கு இரண்டு வருடம் ஆனது. குண்டூசி இல்லாமல் வரவே வராது.

பள்ளிச் சீருடை தைப்பது அத்தையின் தொழில், நான் அவளுக்குக் கையாள். நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி; முன்னறை கடை, உள்ளே வீடு. லிஃப்ட் உண்டு, அது ஓடியதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அறையின் நடுவில் துணி வெட்டும் பெரிய மேசை, ஜன்னலோரம் மோட்டார் வைத்த இரண்டு மெஷின், மூலையில் திரை போட்ட அளவு எடுக்கும் இடம். சுவரில் பழுப்பு அட்டையில் வெட்டிய மாதிரிகள் ஆணியில் தொங்கும். எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துக்கானவை. வெள்ளைச் சட்டை, கருநீலக் காலர், கருநீல ஸ்கர்ட். இருபது வருடமாக அந்தப் பள்ளியின் பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தத் திரைக்குப் பின்னால் நின்று, மூச்சை இழுத்து, திட்டு வாங்கி, அளவு கொடுத்தவர்கள்தான்.

அத்தையின் கண் இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பாள். “இவருக்கு வலது தோள் கால் இஞ்ச் எறக்கம். பை சுமக்கற வேலை” என்பாள். பஸ் வந்து அவர் திரும்பினால், தபால் பை. பிள்ளைகள் இழுத்துப் பிடிக்கிற மூச்சு எத்தனை இஞ்ச் என்பதும் அவளுக்குத் தெரியும். டேப் இருபத்தாறு என்று சொன்னால் அளவு நோட்டில் இருபத்தேழரை என்று எழுதுவாள். “ஒன்றரை இஞ்ச் பொய்” என்பாள். அது தவறியதே இல்லை. ஒரு மனுஷிக்கு இப்படி ஒரு கண்ணா என்று நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். பிளந்த வாயில் இரண்டு குண்டூசியை வைத்து, “சும்மா நிக்காத, இதப் பிடி” என்பாள்.

அப்பேர்ப்பட்ட கண் ஒரே ஒரு இடத்தில் ஏமாந்தது. அது அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அத்தையின் ஒரே மகளை நாங்கள் மைனா என்று கூப்பிடுவோம். ஓயாமல் பேசுவாள் என்று வைத்த பேர். பத்தாம் வகுப்புக்குப் போனதும் பேச்சு குறைந்துபோனது. பள்ளிக்கூடத்துக்கு மாமாவின் ஸ்கூட்டரில் போவாள். அங்கிருந்து டியூஷன், டியூஷனிலிருந்து வீடு, வீட்டில் கட்டில், கட்டிலில் போன். காலையில் எழுந்திருக்க முடியாது, அதனால் சாப்பிட நேரமிருக்காது. சாயங்காலம் மாமா வாங்கி வரும் இரண்டு லிட்டர் குளிர்பானத்தில் பாதி அவளுடையது. முன்பெல்லாம் இறுக்கிப் பின்னிக்கொள்பவள், இப்போது பள்ளி விட்டு வந்ததும் பின்னலை அவிழ்த்துக் கழுத்தை மூடிக்கொள்வாள். வயசு அப்படி, ஸ்டைல் என்று நினைத்தோம். இரண்டு வருடமாகவே, சீருடைக்கு அளவு எடுக்கக் கூப்பிட்டால், “ஏம்மா, உன் கண்ணளவே போதாதா?” என்று நழுவிவிடுவாள். அத்தைக்குப் பெருமை தாங்காது. கண்ணாலேயே அளந்து தைத்துக் கொடுத்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை காலை பேக்கரியம்மா மாடியேறி வந்தார். தெருமுனையில் கேக், பன் விற்கும் கடை அவருடையது. மூன்று மாடி ஏறியதில் மூச்சு இன்னும் இரண்டாவது மாடியில் இருந்தது. கோபம் மட்டும் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. சூடான தட்டைப் பட்டென்று மேசையில் வைக்கிற மாதிரிக் குரல் அவருக்கு. பின்னால் எட்டாம் வகுப்பு மகள், தரையைப் பார்த்தபடி.

“டெய்லரம்மா, இது நியாயமா?” என்று மகளின் காலரை மடக்கிக் காட்டினார்.

பிடரியில் ஒரு பட்டை கருப்பு. அழுக்கு போலவும் இல்லை, மச்சம் போலவும் இல்லை. வெல்வெட் துணியில் ஒரு விரல் அகலம் கிழித்து ஒட்டியது போலிருந்தது.

“உங்க காலர் சாயம் புள்ள கழுத்துல ஏறிப் போச்சு. நார் போட்டுத் தேய்ச்சேன், எலுமிச்சம்பழம் தேய்ச்சேன், நாலு சோப்பு மாத்தினேன். தோல் உரிஞ்சதுதான் மிச்சம். கிளாஸ்ல எல்லாரும் குளிக்காதவன்னு சொல்றாங்களாம்.”

அத்தை வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்துப் பஞ்சில் குத்தினாள். அவள் குண்டூசியை எடுத்தால் சண்டை என்று அர்த்தம்.

“என் துணியா? இருபது வருஷத்துல என் துணி ஒரு சொட்டு சாயம் விட்டதுன்னு எவளாவது சொல்லட்டும், கத்தரிய இப்பவே ஜன்னல் வழியா வீசறேன். என் பொண்ணும் இதே காலர்தான், இதே சுருள்ல வெட்டினதுதான் போடறா. அவ கழுத்தப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும். மைனா, இங்க வாடி.”

மைனா வரவில்லை. அத்தையே போனாள். உள்ளறை வாசலில் நின்றவளை இழுத்து வந்து, திருப்பி நிறுத்தி, முடியை ஒரு கையால் அள்ளி மேலே தூக்கினாள்.

பேக்கரியம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“கண்ணாடின்னீங்க,” என்றார் பேக்கரியம்மா. குரலில் வெற்றி இல்லை. பாதியிலேயே அவருக்கும் தெரிந்துவிட்டது, இது வெற்றி பெறுகிற விஷயம் இல்லை என்று. மைனாவின் கழுத்தில் அந்தப் பட்டை இரண்டு மடங்கு அகலம்.

வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை கெட்டிலைப் போட்டாள். சுருளிலிருந்து ஒரு சாண் கருநீலத் துணியை வெட்டினாள். அலுமினியச் சட்டியில் கொதிநீர், சோப்புத்தூள், ஒரு பிடி உப்பு. துணியை அமுக்கி, அதோடு என் வெள்ளைக் கைக்குட்டையையும் பிடுங்கி உள்ளே போட்டாள். “ஒரு மணி நேரம். யாரும் நகரக் கூடாது.” பேக்கரியம்மா கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஒரு சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்துக் கைக்குட்டையை எடுத்துப் பிழிந்து விரித்தாள். நான் வாங்கிய நாளில்கூட அது அவ்வளவு வெள்ளையாக இருந்ததில்லை.

“துணி சுத்தம்,” என்றாள். ஆனால் கண் துணியில் இல்லை. “மைனா, கையத் தூக்கு.”

“எதுக்கும்மா?”

“தூக்குடி.”

அக்குளிலும் அதே கருப்பு. பேக்கரியம்மா மகளின் கையையும் அத்தையே தூக்கிப் பார்த்தாள், அங்கேயும் லேசாக.

“சட்டை வெள்ளை,” என்றாள் அத்தை, தனக்குத்தானே பேசுவது போல. “கக்கத்துல ஏது காலர்? இது வெளிய இருந்து ஏறல. உள்ள இருந்து வருது.”

எந்தப் படிப்பும் இல்லாமல், ஒரு சட்டித் தண்ணீரையும் ஒரு வெள்ளைச் சட்டையையும் வைத்துக்கொண்டு அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. வாதத்தில் அத்தை ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

“அப்போ இது என்னங்க?” என்று கேட்டார் பேக்கரியம்மா. சண்டைக்கு வந்தவரும் சண்டை போட்டவளும் திங்கட்கிழமை ஒன்றாக டாக்டரிடம் போனார்கள். துணைக்கு நானும் போனேன்.

டாக்டர் ஒல்லியான பெண்மணி. துண்டு துண்டாகத்தான் பேசுவார். மீதியை நாம் பயத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

“அழுக்கு இல்ல. தேய்க்காதீங்க. உள்ள இன்சுலின் ஓவரா வேலை செய்யுது. அதத் தோல் சொல்லுது.” மைனாவிடம் திரும்பினார். “பீரியட்ஸ் கடைசியா எப்போ?”

மைனா விரல்களைப் பார்த்தாள். “அஞ்சு மாசம் ஆச்சு.”

அத்தை நாற்காலியோடு திரும்பினாள். “அஞ்சு மாசமா? என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கல.”

“ஆரம்பிச்சு எத்தன வருஷம்?” என்றார் டாக்டர்.

“மூணு.”

“மொதல் ஒண்ணு ரெண்டு வருஷம் முன்ன பின்ன வரும், அது சகஜம். மூணு மாசத்துக்கு மேல வரலன்னா வந்து காட்டணும்.” பேக்கரியம்மா மகளுக்கு மாதம் தவறவில்லை. ஆனால் இரண்டு பேருக்குமே ரத்தம் எடுத்தார்கள், டாக்டரே டேப்பால் இடுப்பையும் அளந்தார். அத்தை அந்த டேப்பைப் பார்த்த பார்வை, சமையல்காரர் அடுத்தவர் கரண்டியைப் பார்க்கிற பார்வை.

முடிவுகள் வந்ததும் டாக்டர் சொன்னார்: “சர்க்கரை வியாதி இல்ல. ஆனா சர்க்கரைய அடக்க உடம்பு படாத பாடு படுது. மைனாவுக்கு இது இப்படியே போனா, சினைப்பை நீர்க்கட்டி, பி.சி.ஓ.எஸ்.னு ஒரு பேர் இருக்கு. அந்தப் பேர நான் இப்ப வைக்கல. இந்த வயசுல அவசரப்பட்டு வைக்கக் கூடாது. அந்த ரோட்டுல நிக்கறான்னு மட்டும் சொல்றேன்.”

“திரும்ப முடியுமா?” என்றாள் அத்தை.

“நெறைய பேர் திரும்பியிருக்காங்க. எல்லாரும்னு சொல்ல மாட்டேன். பரம்பரையும் இருக்கு, அது நம்ம கையில இல்ல. மத்தது இருக்கு. நேரத்துக்குச் சாப்பாடு, காலைல கட்டாயம். பாட்டில் தண்ணி வேணாம், அந்தக் கலர் தண்ணிய சொல்றேன். தினம் ஒரு மணி நேரமாவது உடம்பு அசையணும், மூச்சு வாங்கற மாதிரி. தூக்கம்.”

“மருந்து?”

“இப்போதைக்கு இதான். மூணு மாசம் கழிச்சு வாங்க.”

டாக்டர் அத்தனை சொன்னதில் அத்தை காதில் விழுந்தது டேப் ஒன்றுதான். டாக்டரே இடுப்பை அளந்தார் என்றால் பிரச்சினை இடுப்பில். இடுப்பில் என்றால் அது டெய்லர் வேலை. வீட்டுக்கு வந்து மைனாவின் ஸ்கர்ட் அத்தனையிலும் இடுப்புப் பட்டையை ஒன்றரை இஞ்ச் உள்ளே பிடித்தாள். “துணி இறுக்கமா இருந்தா வாய் தானா குறையும்.” தட்டிலும் அப்படியே கத்தரி வைத்தாள். ரொட்டி நாலு துண்டு இரண்டானது, இரண்டு ஒன்றானது. ஒரு டெய்லர்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்: உடம்பைத் துணிக்குத் தகுந்த மாதிரி வெட்டப் பார்த்தாள்.

பதினோராவது நாள் காலைக் கூட்டத்தில் மைனா மயங்கி விழுந்தாள். கொக்கி தெறித்து முன் வரிசைப் பெண்ணின் ஷூவில் பட்டதாம். பள்ளியிலிருந்து போன் வந்ததும் அத்தையை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என் தோளைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியின் அளவு எத்தனை இஞ்ச் என்று என் தோளுக்குத்தான் தெரியும்.

நோயாளி அறையில் மைனா படுத்திருந்தாள். நர்ஸ் மைனாவிடம் நம்பர் வாங்கி ஏற்கெனவே எங்கள் டாக்டரைப் போனில் பிடித்திருந்தார். அதை அத்தை காதில் வைத்தார். எனக்கே கேட்டது. “சாப்பாட்டக் குறைங்கன்னு நான் சொன்னேனா? பட்டினி போட்டா உடம்பு இன்னும் பயந்து, இன்னும் சேத்து வைக்கும். பால், முட்டை, பழம், ஏதாவது குடுங்க. இப்பவே.”

அத்தை போனைத் திருப்பிக் கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கழற்றி மகள் மேல் போட்டிருந்த ஸ்கர்ட்டின் இடுப்புப் பட்டையைப் பல்லால் கடித்து, தையல் தையலாகப் பிரிக்க ஆரம்பித்தாள். நர்ஸ் கொண்டு வந்த முட்டையை மைனா தின்று முடிக்கும் வரை பிரித்துக்கொண்டே இருந்தாள்.

“ஏன்டி சொல்லல?” என்றாள் கடைசியில்.

“அளவு குடுத்தா உனக்குத் தெரிஞ்சிடும்னு பயம். உன் டேப்புகிட்ட யாரால பொய் சொல்ல முடியும்?”

“இருபது வருஷமா எல்லாரும் சொல்லிட்டுத்தான இருக்காங்க.”

“நீதான் நம்ப மாட்டியே.”

மணி அடித்தது. இடைவேளை. அறையின் ஜன்னல் மைதானத்தைப் பார்த்து இருந்தது. பையன்கள் மடை திறந்த மாதிரி ஓடினார்கள். பெண்பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி எழுந்தாள், இரண்டு கையாலும் ஸ்கர்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள், நாலு எட்டு நடந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்கர்ட்டை மைனா மேல் போர்த்திவிட்டு, கழுத்தில் டேப்போடு கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன்.

“ஏன்டி உக்காந்திருக்கீங்க? விளையாடலாம்ல?”

“இத மாட்டிக்கிட்டு எப்படி ஆன்ட்டி ஓடறது?” என்றாள் ஒருத்தி. “எட்டு வச்சா தடுக்குது, தூக்கிப் பிடிச்சா மேல ஏறுது.”

“யாரு தச்ச ஸ்கர்ட்டு?”

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். “நீங்கதான் ஆன்ட்டி.”

அத்தை பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். ஓடி வந்த ஒரு பையனைப் பிடித்து நிறுத்தி, “மறுபடி ஓடு” என்றாள். அவன் கால் பட்ட இடத்தில் ஒரு கோடு, அடுத்த கால் பட்ட இடத்தில் ஒரு கோடு. மண்டி போட்டு அளந்தாள். ஐம்பது இஞ்ச். அப்புறம் அந்தப் பெண்ணை ஓடச் சொன்னாள். கோடு, கோடு. இருபத்திரண்டு. டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்தாள், அவளே நம்பாமல். பிறகு மைதானத்து மண்ணிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டு நின்றுபோனது. பள்ளிக்கூடமே அவளைச் சுற்றி நின்றது.

“காலருக்காக சண்டை போட்டேன்,” என்றாள் என்னிடம். “காலர் நிரபராதி. ஸ்கர்ட்டப் பத்தி யாருமே கேஸ் குடுக்கல. நானே வெட்டி, நானே தச்சு, இருபது வருஷமா இத்தன பொண்ணுங்க காலையும் கட்டிப் போட்டிருக்கேன்.”

இதை அவள் சொன்ன தொனியை என்னால் எடுத்துக் காட்ட முடியாது. நிறையத் தடவை முயற்சி செய்திருக்கிறேன். தப்பு என்ற சொல்லையே வாயில் வைக்காத மனுஷி, இத்தனை பேர் நடுவில், யாரும் கேட்காமலேயே, தன் மேல் தானே புகார் கொடுத்தாள்.

மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தவள் நேரே தலைமை ஆசிரியை அறைக்குப் போனாள். ரயில் வருகையை அறிவிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார் அவர். “அந்த வெட்டு. இந்தப் பள்ளியின். அடையாளம். பார்வைக்கு ஒழுங்கா இருக்கணும்.” அத்தை சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எனக்கு ஆச்சரியம். மூன்றாம் நாள் காகிதப் பொட்டலத்தோடு திரும்பப் போனாள். உள்ளே ஒரு கருநீல ஸ்கர்ட், அதே வெட்டு, தலைமை ஆசிரியையின் அளவுக்கு. அளவு எடுக்கவே இல்லை, கண்தான்.

“மேடம், இதப் போட்டுக்கிட்டு மேசையில இருந்து ஜன்னல் வரைக்கும் ஒரு தடவ வேகமா நடங்க. அது போதும்.”

நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே நாலைந்து சின்னச் சின்ன காலடிச் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தபோது அவர் தன் பழைய உடையில் இருந்தார். ஸ்கர்ட் மடித்துக் கையில். “பக்கவாட்டில். மடிப்பு வைக்கலாம். கால்சட்டையும் இருக்கட்டும், விரும்பறவங்களுக்கு.” கொஞ்சம் யோசித்துவிட்டு அறிவிப்பே இல்லாத குரலில் சேர்த்தார்: “இடுப்பு அளவு எப்படிம்மா தெரிஞ்சது?”

“நீங்க எங்கிட்ட மூச்ச இழுக்கல மேடம். அதான் சரியா வந்துச்சு.”

அடுத்த மூன்று வாரம் அத்தை அறையில் நடக்க இடமில்லை. பிள்ளைகள் கொண்டு வந்து குவித்த ஸ்கர்ட்டுகளைப் பிரித்து, பக்கத்துக்கு மூன்று மடிப்பு வைத்து, கைவிடும் அளவுக்கு ஆழமான பாக்கெட் வைத்தாள். பாக்கெட் எதற்கு என்று கேட்டேன். “கை பாக்கெட்டுல இருந்தா ஸ்கர்ட்ட இழுத்துவிடாது.”

வெட்டு மாறினால் பிள்ளை மாறிவிடுமா? மைனா மாறவில்லை. புது ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு அதே ஸ்கூட்டரில் ஏறினாள். இங்கேதான் அத்தை டெய்லராக யோசித்தாள், இந்த முறை சரியாக. புதுத் துணியை ஒரேயடியாக வெட்டக் கூடாது. சாக்பீஸால் கோடு போட்டு, உடுத்திப் பார்த்து, அப்புறம்தான் கத்தரி. வெட்டும் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு கோடு போட்டாள், ஒரு கோட்டுக்கு ஒரு புதுப் பழக்கம். முதல் இரண்டு வாரம் காலைச் சாப்பாடு மட்டும். முட்டை, ரொட்டி, பழம், உட்கார்ந்து, எல்லாரும் சேர்ந்து. அது படிந்த பிறகு அடுத்த கோடு: ஸ்கூட்டர் பள்ளிக்குப் போகாது. பேக்கரியம்மா மகள் தெருமுனையில் காத்திருப்பாள், இருவரும் நடப்பார்கள். சின்னவள் வாயாடி, அவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே மைனாவுக்குப் பழைய பேச்சு திரும்பியது. சாயங்காலம் மைதானத்தில் பந்து. மைனா அதில் மகா மோசம். ஆனால் ஓடினாள், கீழே விழுந்தாள், கத்தினாள்.

குளிர்பானக் கோட்டில் மாமா இடறினார். “எனக்கு என்ன கழுத்தா கறுத்துருக்கு?” என்றார். “உங்க பாட்டில் வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும் அவ பாட்டிலும் வரும்,” என்றாள் அத்தை. பாட்டில் நின்றது. பேக்கரியம்மா கடைக் கண்ணாடிப் பெட்டியின் முன் தட்டிலிருந்து க்ரீம் பன்னை எடுத்துவிட்டு அவித்த கடலை வைத்தார்; “விக்கல, ஆனா வச்சிருக்கேன்” என்று எல்லாரிடமும் சலித்துக்கொண்டார். கடைசிக் கோடுதான் அத்தையை உலுக்கியது. இரவு ஒன்பதரைக்கு எல்லார் போனும், பொத்தான் துளைக்குக் காஜா தைக்கும் நூல் வைத்த இழுப்பறைக்குள். எல்லார் போனும் என்றால் அவளுடையதும். பன்னிரண்டு மணி வரை போனில் தொடர் பார்க்கிறவள் அத்தை. முதல் வாரம் ஒவ்வொரு காலையும், “அந்தப் படுபாவி அவள என்ன பண்ணினானோ” என்று யாரைப் பற்றியோ கவலைப்பட்டபடி எழுந்தாள். இழுப்பறையைத் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனபோது பெரிதாக ஒன்றும் நடந்திருக்கவில்லை. மைனாவுக்கு மாதவிலக்கு வரவில்லை. கழுத்து அப்படியே. அத்தை படியிறங்கி வந்து, கட்டட வாசலில் நின்று, “கோட்ட அழிச்சிடலாமா?” என்று கேட்டாள். அந்த ஒரு முறைதான் கேட்டாள். பதில் சொன்னது மைனா. “எனக்கு இப்ப மாடி ஏறினா மூச்சு வாங்கல. அது கோட்டுல இல்ல, ஆனா நல்லா இருக்கு. விடு, இருக்கட்டும்.”

ஐந்தாம் மாதம் ஒரு காலையில் மைனா குளியலறையிலிருந்து வந்து, அம்மா காதில் எதையோ சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அத்தை மெஷினை நிறுத்தினாள். குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். சண்டைக்குத் தயாராகிறாள் என்று நான் பயந்தேன். அளவு நோட்டில் மகளின் பக்கத்தைத் திருப்பி, வெறுமையாகக் கிடந்த இரண்டு வருடத்துக்குக் கீழே, அன்றைய தேதியை எழுதினாள். அளவு எதுவும் எழுதவில்லை. தேதி மட்டும்.

எட்டாம் மாதச் சோதனையின்போது அந்தப் பக்கத்தில் மூன்று தேதிகள் இருந்தன. டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார், பட்டையின் ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்திருந்தன, நடுவில் இன்னும் இருந்தது. ரத்த முடிவுகளைப் பார்த்தார். முதல் முறையாக நிறுத்தாமல் ஒரே நீள வாக்கியமாகப் பேசினார்: “திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டா, ஆனா நான் ஒவ்வொரு ஆறு மாசமும் பார்த்துட்டே இருக்கணும், நீங்களும் விட்டுடக் கூடாது.” பேக்கரியம்மா தன் மகளின் தலையில் கை வைத்துக்கொண்டு, அத்தையின் முதுகில் ஒன்று போட்டார். காலர் சண்டைக்கு அதுதான் சமாதானம் என்று நினைக்கிறேன்.

டாக்டர் அத்தை பக்கம் திரும்பினார். “இது குடும்பத்துல ஓடற விஷயம். எந்திரிங்க, உங்களையும் ஒரு தடவ பாத்துடலாம்.”

அத்தை எழுந்து நின்றாள். டாக்டர் டேப்பை அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டார். அப்போதுதான் அதைப் பார்த்தோம். வெளியே சொல்லவே கூசுகிறது. இருபது வருடமாக ஊர்ப் பெண்பிள்ளைகளைத் திட்டியவள், எங்கள் கண்ணெதிரில், வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றாள்.

மைனா என்னைப் பார்த்தாள். நான் இரண்டு விரலை வாயில் கவ்வினேன். ஆனால் மைனா என்னை முந்திக்கொண்டாள், அச்சு அசல் அதே குரல்: “ழூச்ச ழிடு. உண்ழையான இழுப்பக் குழு.”

டாக்டர் சிரித்துவிட்டார். பேக்கரியம்மா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை, மூச்சையும் விடவில்லை. இழுத்துப் பிடித்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“இருபது வருஷமா ஊர் இடுப்பு அத்தனையும் பொய் சொன்னதக் கேட்டுக்கிட்டு ஒன்றரை இஞ்ச் சேத்து எழுதினவ நான், என் இடுப்பு ஒரே ஒரு தடவ பொய் சொன்னா குடி முழுகிடாது, அந்த ஒன்றரைய நீங்களே சேத்துக்கங்க டாக்டரம்மா, ஆனா மொதல்ல டேப்ப நேராப் பிடிங்க, முதுகுப் பக்கம் அரை இஞ்ச் எறங்கிக் கெடக்கு.”